கூப்பிடு தூரத்துக்கு எத்தனை ஸ்கொயர் கேபிள்?

மின்சாரம் கம்பியில் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தடிமனான கம்பியில் போகவேண்டும் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் கோபம் வருகிறது. அதைச் சொல்வதுதான் என் பிழைப்பு. மண்டப ஏசி, குளிர்கிடங்கு என்று பெரிய குளிர்சாதனங்களுக்குக் கேபிள் அளவு பார்த்துப் போட்டுக் கொடுக்கிறேன். கம்பியின் தடிமனை நாங்கள் ஸ்கொயர் கணக்கில் சொல்வோம்; ஸ்கொயர் கூடக் கூடக் கம்பி தடிக்கும். தையற்காரர், ஆசாரி, கொத்தனார் என்று அளவைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும்.

எல்லாம் காற்றுதான்

படவேட்டில் ஒரு கல்யாண மண்டபம். முதலாளி நான்கு பெரிய ஏசி மாட்ட முடிவு செய்திருந்தார். ஏற்கெனவே மின்விசிறிக்கு இழுத்திருந்த வயரிலேயே இணைப்புக் கொடுத்துவிடச் சொன்னார். ஏசி இழுக்கிற இழுப்புக்கு அந்த வயர் முகூர்த்தத்துக்கு முன்பே புகைந்துவிடும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஃபேனு வுடறதும் காத்துதான், ஏசி வுடறதும் காத்துதான். இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு அவ்ளோ மொத்தமா வயரு?"

கூப்பிடு தூரம்

அவரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்த நான் புதூர்நாட்டில் அடித்தது அதைவிடப் பெரிய கூத்து. அங்கே மலை விவசாயிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து புளிக்குக் குளிர்கிடங்கு கட்டியிருந்தார்கள். வெயில் ஏற ஏறப் புளி கறுக்கும்; கறுத்தால் விலை போகாது. அதனால் வருடா வருடம் உலுக்கிய கையோடு, மலைக்குக் கீழே இருக்கும் வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளிவிட்டு வந்தார்கள். கிடங்கு மட்டும் ஓடிவிட்டால், நல்ல விலை வரும்வரை நிறம் மாறாமல் வைத்திருக்கலாம்.

சங்கத் தலைவி காளியம்மாவிடம், மீட்டர் பெட்டிக்கும் கிடங்குக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் கேட்டேன். கூப்பிடு தூரம்தான் என்றார். என் வீட்டில் கூப்பிடு தூரம் என்றால் சமையலறையிலிருந்து வாசல். தாராளமாக முப்பது மீட்டர் என்று குறித்து, அதற்குத் தக்க மெல்லிய கேபிளை வாங்கிக்கொண்டு ஜீப் ஏறிவிட்டேன். நேரில் பார்க்காமல் அளவு சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான்.

மேலே போனால், மீட்டர் பெட்டி ரோட்டோரம். கிடங்கு ஒரு பள்ளம் தாண்டி எதிர்ச்சரிவில். டேப் பிடித்ததில் இருநூறு மீட்டருக்கும் மேல். இதையா கூப்பிடு தூரம் என்றீர்கள் என்று கோபித்துக்கொண்டேன். காளியம்மா கையை வாயருகே குவித்து ஒரு குரல் கொடுத்தார். எதிர்ச்சரிவிலிருந்து உடனே பதில் குரல் வந்தது. என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சில்ல சார்? கூப்புடு தூரம்தான்" என்றார்.

நாலு நாள்

கம்பி நீள நீள வோல்டேஜ் வழியிலேயே இளைத்துப்போகும். கிடங்கின் கம்ப்ரசரோ கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அது சரியாகக் கிடைக்காவிட்டால் உறுமிக்கொண்டே நின்று கருகிவிடும். என்னோடு வந்த வயர்மேன் தனசேகர், இதே கேபிளில் இன்னும் கொஞ்சம் வாங்கி ஒட்டுப் போட்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று காதைக் கடித்தார். எனக்கும் சபலம் தட்டியது. ஓடினாலும் ஓடியிருக்கும், சில நாளைக்கு. அப்புறம் உள்ளே இருக்கும் புளியின் கதி?

கிடங்கு வாசலில் சாக்குச் சாக்காகப் புளி காத்திருந்தது. அளக்காமல் வந்தது என் தப்பு, தடித்த கேபிள் வர நாலு நாள் ஆகும் என்று சங்கத்தாரிடம் சொன்னேன். சொல்லும்போது மானம் போயிற்று. காளியம்மா சாக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு நாளு புளிய நாங்க பாத்துக்கறோம். நீங்க வயர பாருங்க சார்" என்றார்.

ஓட்டமும் நடையும்

நாலாம் நாள் ஐம்பது ஸ்கொயர் கேபிள் வந்தது. ரோட்டைத் தாண்டி ஜீப் இறங்காது. ஆணும் பெண்ணுமாகச் சங்கத்தார் வரிசையாக நின்று, தேர்வடம் போல அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். நான் நடுவில் ஓரிடம் பிடித்துக்கொண்டேன். பள்ளத்தில் இறங்கி எதிர்ச்சரிவு ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. எனக்கு முன்னால் நடந்த சடையன் என்ற விவசாயி, தோள் மாற்றிக்கொண்டே சொன்னார்: "பேருதான் கரண்டு ஓடுதுன்னு. தூக்கினு நடக்கறது இன்னாவோ நாங்கதான்."

தூங்கும் புளி

இணைப்புகளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். மீட்டரில் வோல்டேஜ் ஒரு முக்கு முக்கி இறங்கியது. பிறகு ஏறி, அங்கேயே நின்றது. கம்ப்ரசர் சீராக ஓடத் தொடங்கியது. தனசேகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சமாளித்தேன்.

சாயங்காலம் அறை சில்லிட்டதும் சாக்குகள் உள்ளே போயின. காளியம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க வெளியே வந்த நேரத்தில் போன் அடித்தது. வியாபாரி. வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, புளியை எப்போது இறக்கப்போகிறீர்கள் என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது. காளியம்மா அவசரப்படாமல் சொன்னார்: "புளி தூங்குதுண்ணா. எழுந்தா சொல்றோம்."

மறுநாள் காலையில், வழி நெடுக வெட்டிய குழியில் அந்த ஐம்பது ஸ்கொயரைக் கிடத்தி, மண்ணைத் தள்ளி மூடினோம். எங்கள் தொழிலில் சரியாகச் செய்த வேலைக்கு எப்போதும் நடக்கிற மரியாதை அதுதான்.