நேபாளம் போக வாங்கிய வேனை மூன்று முறை கழுவிய கதை

பனிமலையைச் சொந்த வண்டியில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி விஜியின் பத்து வருட ஆசை. எனக்கும் ஆசைதான். ஆனால் திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிறவன் நான். சீசன் முடியும்வரை கம்ப்யூட்டர் முன்னால்தான் எனக்குச் சாப்பாடே. அதனால் போன வருடம் தீபாவளி முடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். சாலை வழியாக நேபாளம், பதினெட்டு நாள், வேனிலேயே சமையல், வேனிலேயே தூக்கம்.

நேபாளம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இந்தப் பதிவில் முக்கால்வாசி, புறப்படுவதற்கு முந்தைய ஒரு வாரத்தைப் பற்றியதுதான். அந்த ஒரு வாரம் இல்லையென்றால் மீதி பதினெட்டு நாளும் இல்லை.

எட்டுப் பேர் உட்காரும் பழைய பெட்ரோல் வேன் ஒன்று சிவகாசியில் விலைக்கு வந்தது. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு. விலை 1,65,000 ரூபாய். பின்னால் சீட்டுகளே இல்லை. "வீட்டுச் சாமான் ஏத்துறதுக்காகக் கழட்டுனோம்ணே" என்றார் விற்றவர். கழற்றும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். விருதுநகரில் ஒரு மெக்கானிக்கிடம் மூன்று நாள் விட்டு இன்ஜின், பிரேக், பேட்டரி, நான்கு டயர் எல்லாம் பார்த்ததில் 38,400 ரூபாய் ஆனது. வீட்டுக்குக் கொண்டுவந்து வாக்குவம் கிளீனரால் உள்ளே மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சினேன், ஒன்றரை மணி நேரம். வண்டி பளபளவென்று இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

மிச்சம் இருந்தது வெல்டிங் வேலை மட்டும்தான். தரையில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இரண்டு இடங்களில் தகடு வைக்க வேண்டும், கட்டிலுக்கு இரும்புச் சட்டம் அடிக்க வேண்டும். புறப்பட எட்டு நாள் இருந்தபோது, காலை பத்து மணிக்கு வண்டியைக் காளிராஜ் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் தெருவிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்.

காளிராஜ் வெல்டிங் மிஷினை எடுத்து வைத்துவிட்டு, தரையைப் பார்க்க முழங்கால் போட்டு உட்கார்ந்தார். தள்ளுகதவு ஓடுகிற பள்ளத்தில் விரலை விட்டுத் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரல் நுனி வெள்ளியாக மின்னியது.

"அண்ணாச்சி, இது என்ன ஏத்துன வண்டி?"

"வீட்டுச் சாமான்னு சொன்னாங்க."

"எந்த வீட்டுல அலுமினியப் பவுடர்ல கோலம் போடுறாக?"

எழுந்து போய் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கம்பெனிக்கு மருந்து ஏற்றிய வண்டியாகத்தான் இருக்கும் என்றார். மருந்து என்றால் எங்கள் ஊரில் பட்டாசுக்குள் போகும் ரசாயனப் பொடி. "எம் பொண்டாட்டி வந்து பாக்கட்டும். அவ சரின்னு சொன்னாத்தான் நான் பத்த வப்பேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எட்டு நாளில் புறப்பட வேண்டும், இவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்கிறாரே என்று. வேறு பட்டறைக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போயிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அவர் மனைவி சீனியம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையைச் சுத்தம் செய்யும் வேலை, பதினாறு வருடமாக. தீபாவளி முடிந்து கம்பெனி லீவு என்பதால் வீட்டில் இருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் விஜியும் அவர்கள் ஊருக்கு வண்டியை எடுத்துப் போனோம். பதினாறு கிலோமீட்டர். ஊருக்கு வெளியே, பம்புசெட் உள்ள ஒரு தரிசில் நிறுத்தச் சொன்னார்கள்.

உள்ளே எல்லாம் வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்துவிட்டதாக நான் பெருமையாகச் சொன்னேன். சீனியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மோட்டார் வச்சா உறிஞ்சுனீக?"

"ஆமா."

"அந்த மோட்டாருக்குள்ள ஒரு பொறி வந்திருந்தா?" என்றார். திட்டவில்லை. அந்த மிஷினை இனி வீட்டில் போடாதீர்கள், எடுத்து வந்து இந்தத் தண்ணீரிலேயே அமுக்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக லேபிளில் தீப்பொறி வரைகிறவன் நான். அது எங்கிருந்து கிளம்பும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பிறகு நடந்ததை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். செல்போன்களை வாங்கி ஐம்பது அடி தள்ளி ஒரு கல்மேல் வைத்தார். கொலுசைக் கழற்றினார். பருத்திச் சேலை, வெறுங்கால். வண்டிக்குள் ஏறும் முன் குனிந்து ஈர மண்ணில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தார். பூமியைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் கையெடுத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமி இல்ல அண்ணாச்சி, கரண்டு. நம்ம ஒடம்புல இருக்கது மண்ணுக்குள்ள எறங்கணும். கம்பெனியில செம்புத் தகடு வச்சிருப்பாக, அங்கன கைய வச்சிட்டுத்தான் உள்ள போவோம்." அன்று காலை அவர் முப்பது தடவையாவது ஏறி இறங்கியிருப்பார். ஒரு தடவைகூட மண்ணைத் தொடாமல் ஏறவில்லை.

முதலில் ஒரு மரக்குச்சியால் கதவுப் பள்ளத்திலிருந்து கொஞ்சம் சுரண்டினார். ஒரு சிட்டிகை சர்க்கரை அளவுதான். அதைத் தூரத்தில் ஒரு ஓட்டுத் துண்டில் வைத்து, நீளக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி நீட்டினார். சத்தமே இல்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் எனக்குக் கண்ணில் வேறெதுவும் தெரியவில்லை. அந்தத் தரைமேல் மெத்தை போட்டு, தலைமாட்டில் கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் தூங்கத் திட்டம் போட்டிருந்தோம். விஜி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஈரத்துணியால் துடைத்தால் போதுமா என்று கேட்டேன். "கொஞ்சமா நனைஞ்சாத்தான் சூடேறும். ஒண்ணு தொடவே கூடாது, இல்லேன்னா ஆறா ஊத்தணும்" என்றார். பம்புசெட் தண்ணீர் ஒரு மணி நேரம் வண்டிக்குள் நிற்காமல் ஓடியது. அதற்குப் பிறகுதான் ஸ்பேனரையே தொடவிட்டார். பக்கத் தகடுகளைக் கழற்றியபோது உள்ளிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்தது. அதை வழித்து, தண்ணீர் நிரம்பிய குழியில் போட்டார். வெயில் ஏறி வண்டித் தகடு சுடத் தொடங்கியதும், ஒன்பது மணிக்கு வேலையை நிறுத்திவிட்டார். மறுநாளும் அதே நேரம், அதே வேலை. காய்ந்த பிறகு சுரண்டி வைத்துப் பார்த்தால், வெளிச்சம் பொட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் கழுவினார். நான்காம் நாள் ஏழு இடங்களில் சுரண்டியதில் ஒன்றுகூடத் தீப்பிடிக்கவில்லை. வெறும் துருவும் மண்ணும்தான்.

ஐந்தாம் நாள் காலை அதே தரிசில், ஜெனரேட்டர் வைத்து வெல்டிங். கூலி, ஜெனரேட்டர் வாடகை எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். எங்களைத் தூரத்து வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். காளிராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். அப்போது சீனியம்மாவும் முன்கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, எறங்கு. பிள்ளைக இருக்குல்ல" என்று காளிராஜ் அதட்டினார்.

"பிள்ளைக இருக்கதுனாலதான் மூணு தடவ கழுவுனேன். நான் கழுவுன வண்டியில ஒன்னய மட்டும் ஒக்கார வச்சிட்டு நான் மரத்தடியில நிக்கவா? பத்த வையி."

அவர் பத்த வைத்தார். நீல வெளிச்சம் வண்டிக்குள் படபடவென்று அடித்தது. விஜி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. முன்கண்ணாடி வழியாகச் சீனியம்மாவின் முகம் தெரிந்தது. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு தகடும் ஒட்டி முடிய நாற்பது நிமிடம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. பிறகு பார்த்த பனிமலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அன்று மாலை ஆனைக்குட்டம் அணைவரை ஒரு சோதனை ஓட்டம். மூன்று நாள் கழித்துக் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், வாரணாசி, கோரக்பூர் வழியாகச் சோனாலி எல்லைவரை 2,480 கிலோமீட்டர். ஐந்து பகல் ஓட்டம், பெட்ரோல் 19,700 ரூபாய். வழியெல்லாம் மரத்தடியில் இறங்கித்தான் சமைத்தோம். எல்லையில் இரண்டு மணி நேரம் ஆனது. ஆறாம் நாள் பொக்காரா. ஏழாம் நாள் காலை ஆறேகாலுக்கு ஒரு மலையுச்சியில் வண்டியை நிறுத்தினோம். எதிரே வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு வெள்ளை மலை. விஜி அழுதாள்.

இதே பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்கு: ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், லைசென்ஸ் எல்லாம் அசலாக வேண்டும். வண்டி வேறு யார் பெயரிலும் இருக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். நேபாளத்தில் வண்டிக்கு நாள் கணக்கில் வரி. இரண்டு நாள் கூடுதலாகவே கட்டிவிடுங்கள், கெடு தாண்டினால் அபராதம். இவை எல்லா இடத்திலும் கிடைக்கும் தகவல்தான். நான் சொல்ல வேண்டியது ஒன்று: பழைய வண்டி வாங்கினால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதை ஏற்றிக்கொண்டு ஓடியது என்று கேளுங்கள். எங்கள் பக்கத்து வண்டி என்றால், கேட்டபின் கதவுப் பள்ளத்தில் விரலையும் விட்டுப் பாருங்கள்.

அந்த மலையுச்சியில் காற்று பலமாக அடித்தது. வெளியே அடுப்பு நிற்கவில்லை. முதல் தடவையாக வண்டிக்குள் வைத்து, கதவுகளையெல்லாம் திறந்து போட்டு, பத்த வைத்தேன். டீ கொதித்ததும் சீனியம்மாவை வீடியோவில் கூப்பிட்டு மலையைக் காட்டினேன்.

"ஆத்தி, அம்புட்டும் பனியா?" என்றார். உடனே, "அடுப்பு எங்கன வச்சிருக்கீக?"

"வண்டிக்குள்ளதான். இப்பதான் டீ போட்டோம்."

அவர் மலையைப் பார்க்கிறார் என்று நினைத்து போனை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க கெளம்புன நாள்லருந்து ஒழுங்காச் சோறு எறங்கல அண்ணாச்சி" என்றார்.

"அப்ப அன்னைக்கு டிரைவர் சீட்டுல அவ்வளவு தைரியமா உக்காந்திருந்தீங்களே?"

"தைரியமா? ஸ்டியரிங்க விட்டா கை நடுங்குறது அவருக்குத் தெரிஞ்சிருமேன்னுதான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."