மைனா கழுவிய டீ கப்புகள்

மின்தடைப் புகார் மையத்தில் போன் எடுக்கும் அவளை எல்லோரும் மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. கரண்ட் போன கடுப்பில் பேசுகிறவர்கள்கூட, அவள் "சொல்லுங்க" என்றதும் பாதிக் கோபத்தை விழுங்கிவிடுவார்கள்.

கோடை தொடங்கியதிலிருந்து அந்தக் குரல் கரகரத்துப்போனது. வெயில் ஏற ஏற ஊரெங்கும் ஏசிகள் ஓடின, டிரான்ஸ்பார்மர்கள் படுத்துக்கொண்டன. ஒரு அழைப்பை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஊரிலிருந்து மாமியார் போன் செய்து நலம் விசாரிக்க, மைனா வாய் தவறி, "உங்க இணைப்பு எண் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டாள். மாமியார் அதைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். மைனாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தட்டில் கரண்டி பட்டாலே சிடுசிடுத்தாள். அவள் வாசலில் கால் வைத்ததும், தையல்காரரான கணவர் மிஷினை நிறுத்திவிடுவார்; மகள் பூனைபோல் நடப்பாள். தன்னைக் கண்டு வீடே அடங்குவது அவளுக்கு உறைத்தது. வேலையை விட்டுவிடட்டுமா என்று கணவரிடம் கேட்டாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதலில் நன்றாகத் தூங்கி எழு, பிறகு பேசலாம் என்றார்.

ஒரு மதியம் சூறைக்காற்று அடித்து, மரங்கள் விழுந்து, பல தெருக்களில் கம்பி அறுந்தது. போன்கள் ஓயவில்லை. ஒரே மனிதர் மூன்றாம் தடவையாகக் கூப்பிட்டார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், புழுக்கம் தாங்கவில்லை, எப்போது கரண்ட் வரும் என்று கேட்டார். மைனாவுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"வரும்போது வரும். நான் என்ன, பக்கெட்ல மொண்டு வந்து ஊத்தவா முடியும்?"

அவர், "சரிம்மா, நீங்களும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வீங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரியிடம், கொஞ்சம் பார்த்துக்கோ, இதோ வந்துவிடுகிறேன் என்று எழுந்து, பின்னறைக்குப் போனாள். அழத்தான் போனாள். ஆனால் அங்கே தொட்டி நிறைய, காலையிலிருந்து எல்லோரும் குடித்துப் போட்ட கப்புகள் காய்ந்துபோய்க் கிடந்தன. சும்மா நிற்பானேன் என்று குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் குளுகுளுவென்று மணிக்கட்டில் விழுந்தது. ஒரு கப்பை எடுத்து, விளிம்பில் படிந்திருந்த டீக்கறையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். நுரை போனதும் பீங்கான் கிறீச்சென்றது. அடுத்ததை எடுத்தாள். நாலைந்து கப்பு கழுவிய பிறகுதான், இத்தனை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. தாடை தளர்ந்தது. காதருகே ஏறி நின்ற தோள்கள் இறங்கின. அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட மூச்சு தானாக வந்தது. அழ வந்தது மறந்தே போயிற்று.

திரும்பி வந்ததும், கம்பி சரிசெய்யப் போயிருந்த வயர்மேன் அண்ணனிடம் நிலவரம் கேட்டுக்கொண்டு, அந்த மனிதரை அவளே கூப்பிட்டாள்.

"அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க, மன்னிச்சுக்குங்க. உங்க தெருவுல ஆளுங்க மரத்தை அறுத்துக்கிட்டு இருக்காங்க. இருட்டுறதுக்குள்ள வந்துடும். அதுவரைக்கும் அம்மாவுக்கு ஈரத்துணியால கை காலைத் துடைச்சு விடுங்க."

அவர் ஏற்கெனவே துடைத்துக்கொண்டுதான் இருக்கிறாராம். விசிறி விசிறிக் கைதான் ஓய்ந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றிலிருந்து, கோபம் தலைக்கு ஏறும்போதெல்லாம் மைனா பின்னறைக்குப் போய் இரண்டு கப்பு கழுவிவிட்டு வந்தாள். மேற்பார்வையாளர் கண்ணில் இது பட்டது. பாத்திரம் தேய்க்கவா உங்களை வேலைக்கு வைத்தோம் என்று கேட்டார்.

"ரெண்டு கப்பு கழுவிட்டு வந்தா இருபது பேர்கிட்ட நல்லபடியா பேசுவேன் சார். கழுவலைன்னா நீங்களே என்கிட்டப் பேச முடியாது."

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர், முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தொட்டியடியில் நின்றதைப் பலரும் பார்த்தார்கள். சீக்கிரமே மற்றவர்களும் கப்பு கழுவக் கிளம்ப, அழுக்குக் கப்புக்குப் பஞ்சம் வந்தது. கப்பு கிடைக்காதவர்கள் வேறு வழி தேடினார்கள். பக்கத்து நாற்காலிக்காரி மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்குவாள். வயர்மேன் அண்ணன் ஜீப்பில் கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ பாட்டை முனகுவார். மேற்பார்வையாளரும் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து போக வழி செய்துகொடுத்தார்.

மழைக்காலம் வந்ததும் அழைப்புகள் இன்னும் கூடின. வேலையை விடும் பேச்சை மைனா எடுக்கவில்லை. இப்போதெல்லாம் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கடைகளை வேடிக்கை பார்த்தபடி வீட்டுக்கு நடக்கிறாள். போன வாரம் அப்படி நடந்து வரும்போது எதிரில் கணவரும் மகளும் வந்தார்கள். எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டாள். சும்மாதான், உன்கூட நடக்கலாம் என்று வந்தோம் என்றார் கணவர். மகள் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். நேராக வீட்டுக்குப் போகாமல், மூவரும் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.