ஒதுங்க ஓர் இடம்

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை என்று ஒன்று உண்டு. இந்த வருஷம் என் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அந்தந்த அமைச்சர் எழுந்து கேட்பதற்குத்தான் அந்தப் பெயர். அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டபோது எங்கள் உப்பளத்துப் பெண்கள் எல்லாரும் அது நமக்கு வரப்போகிற மானியம் என்றே நினைத்துவிட்டார்கள். நான் மட்டும், "நாம எப்போ கோரிக்கை வெச்சோம்? கேக்காமயே குடுக்கறாங்கன்னா அதுல ஏதோ இருக்குது" என்றேன். எனக்குச் சந்தேக புத்தி. பால்காரர் ஒருநாள் கூடுதலாகச் சிரித்தால் பாலில் தண்ணீரும் கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வேன். "உன்னை சி.ஐ.டி.யில சேத்திருக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர்.

நானும் என் நாத்தனாரும் மரக்காணத்தில் ஒரே அளத்தில் வேலை பார்த்தோம். அவள் என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விடிவதற்கு முன்பே போய்விடுவோம். பாத்தியில் ஆண்கள் வாரிவிட்ட உப்பை வெயில் ஏறுவதற்குள் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்ட வேண்டும். அளத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையாக இருக்கும். வரப்பு கணுக்கால் உயரம். மரம் கிடையாது, புதர் கிடையாது. ஒட்டினாற்போல ஈ.சி.ஆர். ரோடு. பாண்டிச்சேரி போகிற கார்கள் ஓரங்கட்டி நிற்கும். இறங்கி வந்து உப்புக் குவியலுக்கு முன்னால் செல்ஃபி எடுப்பார்கள். ஆரோவில் பக்கத்திலிருந்து வருகிற வெள்ளைக்காரர்கள் பைக்கை நிறுத்திவிட்டு நீளமான கேமராவை எங்கள் பக்கம் திருப்புவார்கள். ஒன்றுக்கு வந்தால் ஆண்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, திரும்பி நின்றால் முடிந்தது. பெண்கள் என்ன செய்வது? தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். எழுந்ததிலிருந்து வீடு திரும்பும் வரை ஒரு வாய்கூட இல்லை.

அக்காவுக்கு அது உடம்பைப் பிடித்துவிட்டது. நீர்க்கடுப்பு, அடிவயிற்றில் வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். பாண்டிச்சேரி டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கல்லும் இருக்கிறது, கிருமியும் மேலே ஏறுகிறது, இப்படியே போனால் கிட்னி தாங்காது என்று சொன்னார். "வேலை செய்யற இடத்துல அடிக்கடி தண்ணி குடிங்கம்மா. வந்தா அடக்கி வெக்காதீங்க." அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது, "குடிக்கறது நம்ம கையில இருக்குது. அப்புறம் போறது எங்க?" என்று என்னைக் கேட்டாள். வேலையை விட்டுவிடு என்று சொல்லவும் முடியாது. அவளுக்குப் புருஷன் இல்லை, வேறு வேலையும் தெரியாது. யார்மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்த வருஷம் பட்ஜெட் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஓர் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அளத்துக்கு வந்தார். எங்கள் தொகுதிக்காரர் இல்லை, எங்கள் மாவட்டமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் இடித்தது. இங்கே அவருக்கு ஓட்டு கிடையாது, உறவு கிடையாது. பிறகு எதற்கு மனுஷன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்று வரப்பில் நடக்கிறார்? ரிசார்ட் கட்ட யாருக்காவது இடம் பார்க்க வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். கூட வந்த ஆள் வேறு நாலாபக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் எதை எடுக்கிறான் என்று பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது.

"உங்க குறை என்னம்மா, சொல்லுங்க" என்றார் எம்.எல்.ஏ. கூலி போதவில்லை, மழைக்காலத்தில் வேலை இல்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அக்கா முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, "பொம்பளைங்க ஒதுங்க ஒரு இடம் இல்லைங்க ஐயா. அதைக் கட்டிக்குடுத்தீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அவர் நெற்றிக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்த்தார். "ஆமாம்மா, இந்த வெயில்ல நிக்க முடியல. கண்டிப்பா பேசறேன்" என்றார். போகும்போது நான் கேட்டு அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். நல்லவரோ கெட்டவரோ, பிடிக்க ஒரு நுனி வேண்டும் அல்லவா.

சொன்னபடி பேசினார். வேலை முடிந்து நாலைந்து பெண்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, போனைச் சொம்பில் சாய்த்துவைத்து நேரலை பார்த்தோம். அவர் எழுந்து, "நான் கொடுத்துள்ள வெட்டுத் தீர்மானத்தின் மீது பேச விரும்புகிறேன்" என்று ஆரம்பித்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதை வெட்டச் சொல்கிறார்? அமைச்சர் கேட்ட பணத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானம். "பாத்தியா, நம்ம வரப்புல நடந்துட்டுப் போயி நமக்கு வர்ற பணத்தையே குறைக்கச் சொல்றாரு" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்று ஏறியது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவளின் போனை வாங்கி அந்த நம்பருக்கு அடித்தேன். அவருடைய உதவியாளர் எடுத்தார்.

"அம்மா, பதட்டப்படாதீங்க. அது ஒரு நடைமுறை. குறையைப் பேசணும்னா, பணத்துல நூறு ரூபா குறைங்கன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் பேசணும். நிஜமா குறைக்க மாட்டாங்க."

"ஓட்டெடுப்புக்கு விட்டா?"

"தோத்துடும்மா. தோக்கறதுக்குத்தானே குடுக்கறதே."

என் காதில் என்னென்னவோ பூ சுற்றியிருக்கிறார்கள், இந்த மாதிரிப் பூவை நான் பார்த்ததில்லை. தோற்பதற்கென்றே ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, கையை நீட்டி நீட்டி இப்படிப் பேசுவார்களா? சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அதற்குள் அக்கா என் தொடையில் தட்டி, "கேளு, கேளு" என்றாள்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, மரக்காணம் உப்பளங்களில் பாடுபடும் தாய்மார்கள் ஒதுங்க ஓர் இடமில்லாமல் அவதிப்படுகிறார்கள்" என்றார் அவர். அக்காவின் வாயிலிருந்து வந்த வார்த்தை, அப்படியே. மேசை தட்டுகிற சத்தம் கேட்டது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அமைச்சர் எழுந்தார். கட்சி பார்க்காமல் உறுப்பினரின் உணர்வை மதிப்பதாகவும், அந்தத் தாய்மார்கள் ஒதுங்க இடம் கட்டித் தர இந்த ஆண்டே நிதி ஒதுக்கப்படும் என்றும் சொல்லிவிட்டு, வெட்டுத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். இவரும் சிரித்துக்கொண்டே திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் கைதட்டல்.

"ரெண்டு பேருமே கக்கூஸ்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன் நான்.

"சட்டசபையில போயி அதையெல்லாம் சொல்லுவாங்களாடி? உன் வாயில நல்லதே வராதா?" என்றாள் அக்கா.

ஆனாலும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பேச்சை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவருக்குப் பின்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் உட்கார்ந்திருந்தார். ஒதுங்க இடம் என்ற வார்த்தை வந்தபோது அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார். பேசுகிறவரைப் பார்த்தார், சுற்றி இருந்த ஆண்களைப் பார்த்தார், பிறகு குனிந்து கையில் இருந்த தாள்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அமைச்சர் வாக்குறுதி கொடுத்தபோதும் அவர் தலை நிமிரவில்லை. அக்காவிடம் காட்டினேன். "அந்தம்மாவுக்குக் கழுத்து வலியா இருக்கும், போ" என்றாள்.

கூட்டத் தொடர் முடிகிற நாளில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வந்தது. அத்தனை துறைகளும் கேட்ட பணத்தை எடுத்துச் செலவு செய்ய அந்தச் சட்டம் வேண்டுமாம். அத்தனை நாள் சண்டை போட்டவர்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க, ஆம் என்போரே அதிகம், நிறைவேறியது. நான் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் சட்டம் ஆகிவிட்டது. "சட்டமே போட்டுட்டாங்க. இனிமே யாரும் மாத்த முடியாது" என்று அக்கா தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். அவள் முகத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

மழை முடிந்து அளம் மறுபடி தொடங்கியபோது ரோட்டோரம் வேலை ஆரம்பித்தது. நாலு தூண் எழுந்தது. அக்கா கூடையோடு போகும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். நானும் பார்த்தேன். குழி தோண்டவில்லை, குழாய் வரவில்லை, கதவு நிலை எதுவும் வந்து இறங்கவில்லை. மேலே தகரக் கூரை மட்டும் வந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் மேஸ்திரியிடம் போய், "சுவரு எப்போண்ணே எழுப்புவீங்க?" என்று கேட்டேன்.

"சுவரா? நிழற்கூடத்துக்கு எதுக்கும்மா சுவரு? காத்து வர வேணாமா?"

பக்கத்தில் நின்ற அக்கா கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். "நெழலு கேட்டதா யாரு சொன்னது?" என்றாள். அவர் எங்களை ஒருமாதிரி பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போய்விட்டார். அக்கா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே எம்.எல்.ஏ.வுக்கு போன் போட்டேன். அவரே எடுத்தார். நாங்கள் கேட்டது கழிப்பறை என்று சொன்னேன்.

"ஒதுங்க இடம்னுதானேம்மா சொன்னீங்க. நான் வெயிலுக்கு ஒதுங்கன்னு நெனச்சுட்டேன்."

"ஒரு பொம்பளை வாயை முந்தானையால மறைச்சுக்கிட்டுச் சொன்னா அது வெயிலுக்காங்க இருக்கும்?"

"வெளிப்படையா சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் அதே இடத்துக்கு இப்போதுதானே ஒதுக்கினோம் என்று கேட்பார்கள் என்றும், இது வேறு துறை என்றும் சொன்னார். பாவம், குரலில் வருத்தம் இருந்தது. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் வீட்டில் பெண்கள் இல்லையா? இத்தனை வயதுக்கு அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லையா? அமைச்சருக்கும் தெரியாதா, திட்டம் போட்ட இன்ஜினியருக்கும் தெரியாதா? கழிப்பறை என்றால் தண்ணீர் வேண்டும், கழுவ ஆள் வேண்டும், தினமும் ஒருத்தர் பொறுப்பு எடுக்க வேண்டும். கூரை என்றால் போட்டுவிட்டுப் போய்விடலாம். எல்லாருக்கும் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் ஒதுங்கக் கேட்டோம், அவர்கள் நிதியை ஒதுக்கி எங்களையும் ஒதுக்கிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அவருடைய அலுவலகத்துப் பெண் ஒருத்தியும் கூட வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம், கழுத்தில் அடையாள அட்டை. கோரிக்கை வைத்த தாய் என்று அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். "குடிங்கம்மா, என்னா வெயிலு" என்றார் அதிகாரி. அக்கா சிரித்தாள். பாட்டிலை மடியில் செருகிக்கொண்டாள். உழைக்கும் பெண்களின் துயரைச் சட்டமன்றம் எப்படிக் காதுகொடுத்துக் கேட்டது என்று அவர் வெகுநேரம் பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இங்கேயே சொல்லிவிடலாமா என்று எழப் போனபோது அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அந்தப் பேச்சு வேண்டாம் என்றாள்.

பேச்சு முடியும் முன்பே அந்தப் பெண் பின்பக்கமாக எங்களிடம் வந்தாள். குனிந்து, "அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்குது? விழுப்புரத்துலேருந்து வர்றேன், முடியல" என்றாள்.

அக்கா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் இன்னும் இரண்டு பேரும் கூடப் போனோம். அன்றைக்கு ஆண்கள் எல்லாரும் விழாவில் இருந்ததால் பெரிய உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. வேலை நாளில் அங்கே லாரி நிற்கும், லோடு ஏற்றுகிறவர்கள் இருப்பார்கள். அவளைச் சுற்றி முதுகைக் காட்டி நின்று, ரோட்டுப் பக்கம் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டோம். ஒரு கார் மெதுவாகப் போனபோது அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது.

முடிந்து வந்ததும் அக்கா அவள் தோளைத் தடவி, "நீ படிச்ச பொண்ணு. இங்க கக்கூஸ் இல்லைன்னு உங்க சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா எடுபடும்" என்றாள்.

"ஐயோ, அவருகிட்ட எப்படிக்கா?" என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னா, பெண்கள் ஒதுங்க ஒரு இடம் வேணும்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

"அதை மட்டும் எழுதாத தாயே" என்றேன் நான். என்னையும் மீறிக் குரல் உயர்ந்துவிட்டது. அவள் பயந்துபோய் ஜீப்பை நோக்கி நடந்தாள். அக்கா மடியில் செருகிய பாட்டிலை வெளியே எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் பிறகுதான் அதைத் திறந்து குடித்தாள்.