கடைசி வரி இல்லாத தாள்

எங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்னு யாராவது கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பியானோ வாத்தியார்னு சொல்லி முடிச்சிடலாம்னா அவர் விடமாட்டார். "பார்த்த உடனே வாசிக்கிற பயிற்சிக்குத் தாள் எழுதுறேன்"னு பக்கத்துல இருந்து எடுத்துக் கொடுப்பார். கேட்டவங்க முழிப்பாங்க. அப்புறம் நான்தான் உட்கார்ந்து விளக்கணும்.

முன்னபின்ன பார்க்காத ஒரு இசைத் தாளை எதிர்ல வெச்சா, பிள்ளைங்க அரை நிமிஷம் பார்த்துட்டு உடனே வாசிக்கணும். தப்பு வந்தாலும் நிக்கக் கூடாது. இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுல இதுக்குன்னே தனி மார்க். இதுல ஒரு தொல்லை என்னன்னா, ஒரு தடவை வாசிச்ச தாள் பழசாயிடும், மறுபடி உதவாது. புஸ்தகத்துல இருக்கிறதெல்லாம் சீக்கிரமே தீர்ந்து போகும். அதனால இவர் தினமும் காலையில பல் தேய்ச்ச கையோட கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து, அதுக்குன்னு இருக்கிற சாஃப்ட்வேர்ல, அஞ்சு கோட்டு மேல ஒவ்வொரு சுரமா மவுஸால வெச்சு, புதுசா ஒரு தாள் செய்வார்.

அவங்க வீட்டுல இரும்புக் கடை. அண்ணன்மார் ரெண்டு பேரும் ஒழுங்கா கடையில உட்கார்ந்தாங்க. இவர் ஹோட்டல் வரவேற்பறையில பியானோ வாசிக்கப் போய், சாப்பிட வந்தவங்க யாரும் காது கொடுத்துக் கேட்கலைன்னு கோவிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தார். அண்ணன்மார் இவருக்கு வெச்ச பேரு 'டொய்ங்'. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மூத்தவர் போன் பண்ணினா "டொய்ங் இருக்கானாம்மா?"ன்னுதான் கேட்பார். முன் ரூமுல பியானோவைப் போட்டு வாத்தியார் ஆன பிறகுதான் மனுஷன் நிமிர்ந்து நடந்தார். தாள் எழுத ஆரம்பிச்சதும் கேட்கவே வேண்டாம். மத்த வாத்தியார்களே "சார், இந்த வாரத்துக்கு எங்களுக்கும் குடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. இவருக்கு உச்சி குளிர்ந்து போகும்.

அந்த சாஃப்ட்வேர்ல ஒரு பட்டன் உண்டு. அழுத்தினா அதுவே கண்டபடி சுரங்களை அடுக்கிக் கொடுத்துடும். இவர் அதைத் தொடவே மாட்டார். "மெஷின் கக்குறதையெல்லாம் பிள்ளைங்க வாசிக்கணுமா? காதுக்கு இதமா இருக்க வேண்டாமா?"ம்பார். தான் எழுதினதைக் கம்ப்யூட்டரை விட்டு வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார். எங்கேயாவது நெருடினா மாத்துவார். நெருடல் சுத்தமா போற வரைக்கும் மாத்திக்கிட்டே இருப்பார். நான் சமையல்கட்டுல வெங்காயம் நறுக்கிக்கிட்டே, கம்ப்யூட்டர் முடிக்கிறதுக்குள்ள அதோட முடிவை முணுமுணுத்துடுவேன். "ஏங்க, இதுவும் இறங்கி வந்து பழைய இடத்துலயே உட்காருதே"ன்னு கிண்டல் பண்ணினா, "உனக்கு நல்ல காது"ன்னு சந்தோஷப்படுவார். நல்ல காதாம், காது.

இவர்கிட்ட படிச்ச பிள்ளைங்கள்ல தையல்காரம்மாவோட பொண்ணு ஒருத்தி. அவளுக்கு மின்னல்னு பேரு வெச்சதே இவர்தான். தாளை வெச்ச வேகத்துல விரல் ஓடும். மத்தவங்க திக்கித் திணறிக்கிட்டு இருக்கும்போது அவ முடிச்சிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு இருப்பா. வயசு வரம்புப்படி கல்லூரித் தேர்வு எழுத அவளுக்கு அந்த வருஷம்தான் கடைசி. புருஷன் இல்லாம தனியா வளர்த்த அம்மா, பாடம் முடியுற நேரத்துக்கு மெஷினை நிறுத்திட்டு, நூல் ஒட்டின புடவையோட எங்க வாசல்ல வந்து நிப்பா. "இவளுக்கு இது கிடைச்சா போதும் சார். எனக்கு வேற ஆசையே கிடையாது." இவர் நெஞ்சைத் தட்டிக்கிட்டு, "அதுக்கு நானாச்சும்மா"ன்னு சொல்லுவார்.

தேர்வுக்கு முந்தின நாள் பிரிண்டர்ல தாள் மாட்டிக்கிச்சு. கடைசி வரி அச்சாகாமலே வெளியே வந்துடுச்சு. இவர் கண்ணாடி போடாம அதை அப்படியே பியானோ மேல வெச்சுட்டார். மின்னல் பார்த்தா, வாசிச்சா, முடிச்சா. அவ்வளவு அழகு. இவர் தலையாட்டி ரசிச்சுட்டு, அவ கிளம்பின பிறகு தாளை எடுக்கப் போனார். கீழே வெறும் வெள்ளை. ஓடிப் போய்க் கம்ப்யூட்டர்ல பார்த்தார். அச்சாகாத அந்தக் கடைசி வரியை அவ ஒரு சுரம் பிசகாம வாசிச்சிருக்கா. இல்லாததை வாசிக்கிறோம்னு அவளுக்கே தெரியல.

நான் டீயோட உள்ளே போனப்போ முகத்துல ஈ ஆடல. "அவ தாளைப் பார்த்து வாசிக்கவே இல்ல"ன்னார். "என் தாளெல்லாம் எங்க ஏறும், எங்க இறங்கும்னு அவளுக்குப் பழகிப் போச்சு. ஆரம்பத்தைப் பார்த்தே மிச்சத்தை ஊகிச்சுடுறா. நான் என்னத்தைத்தான் கத்துக் கொடுத்தேன்?"

"இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க"ன்னேன். "ஊகிக்காதே, ஒவ்வொரு சுரமா கண்ணால பாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"கடைசி நேரத்துல சொன்னா பயந்துடுவா."

"அவ பயப்படுவாளா, நீங்க பயப்படுறீங்களா?"

ரொம்ப நேரம் கழிச்சு போனை எடுத்தார். நான் கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நின்னேன். தையல்காரம்மா எடுத்தா. "நான்தாம்மா... ஒண்ணுமில்ல. பொண்ணை நேரத்தோட படுக்கச் சொல்லுங்க. நல்லா தூங்கட்டும். நாளைக்குக் கலக்கிடுவா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டார்.

மறுநாள் அவங்க நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. பொண்ணு அழுது முகம் வீங்கியிருந்தா. அம்மா அவ முதுகுல ஒரு தட்டுத் தட்டி, "சார்கிட்ட மன்னிப்புக் கேளு"ன்னா. "இத்தனை வருஷம் உனக்காக உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினாரே, அவர் மானத்தைக் கப்பல் ஏத்திட்டு வந்துட்டியேடி."

"மன்னிச்சிடுங்க சார்"னு அந்தக் குழந்தை சொன்னா. "பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. தாள்ல இருக்கிறதை வாசிம்மான்னாங்க. நான் அதைத்தான் வாசிக்கிறேன்னு நினைச்சேன் சார். திரும்பப் பார்த்தா எல்லாமே வேற மாதிரி இருந்தது. அப்புறம் கை ஓடவே இல்ல."

எனக்கு அங்கே நிக்கவே கூசிச்சு. இவர் கூனிக் குறுகி பியானோ ஸ்டூல்ல உட்கார்ந்தார். நல்லவேளை, அப்பவாவது வாய் வந்தது. "அவளைத் திட்டாதீங்கம்மா. தப்பு என்னோடது. என் தாள் எல்லாமே ஒரே அச்சு. அதுலயே பழக்கிட்டேன். அவளுக்குத் தாளைப் பார்த்துப் படிக்கக் கத்துக் கொடுக்கவே இல்ல."

தையல்காரம்மா பொண்ணோட தலையைத் தடவிக் கொடுத்தா. அப்புறம், "வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க சார், மனுஷங்கதானே"ன்னா. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்ததும் எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. இதோட முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன்.

மின்னல் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவரையே பார்த்தா. "இது உங்களுக்கு எப்போ சார் தெரிஞ்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. "நேத்து"ன்னார். "நீ வாசிச்சிட்டுப் போனப்புறம்."

"நேத்து சாயங்காலம் போன் பண்ணினீங்களே சார்"னா தையல்காரம்மா. கத்தல, திட்டல. சாதாரணமாத்தான் கேட்டா. "அப்பவே தெரியுமா?"

இவர் ஆமான்னு தலையாட்டினார். அவ பொண்ணோட கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா.