கொம்பு வைத்த மாப்பிள்ளை

இவ்வளவு கேவலமான ஒரு புத்தகத்துக்காக அம்மாவோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அக்கா அப்போது குன்றத்தூரில் இருக்கும் புருஷன் வீட்டை விட்டு, செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். காரணம் சாம்பாரில் உப்பு. நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்த அத்தான், உப்பு கரிக்கிறது என்று அவர்கள் எதிரிலேயே தட்டைத் தள்ளிவிட்டு, அவளை மொட்டை மாடிக்கு இழுத்துப்போய் வெளியே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். மே மாத மத்தியானம், காலில் செருப்புகூட இல்லை. வந்தவர்கள் சாப்பிட்டு, கைகழுவி, பீடா மென்று கிளம்பிய பிறகுதான் கதவைத் திறந்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். எங்கள் வீட்டுக்கு வந்தும் பல நாள் அவள் குதிகாலை ஊன்றாமல்தான் நடந்தாள்.

பள்ளி நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாவலை மாற்றி மாற்றிப் படித்து, சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசி அம்மாவிடம் திட்டு வாங்குவோம். மாய உலகக் கதை என்றால் அக்காவுக்கு உயிர். அவள் மனதைக் கொஞ்சம் திருப்பலாம் என்று, இளைஞர்கள் எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்த ஒரு ஆங்கில நாவலை வரவழைத்தேன். தேவதைகளின் ராஜ்ஜியம், இருண்ட கதை, படிக்க ஆரம்பித்தால் கீழே வைக்க முடியாது என்றார்கள். அட்டையில் கொம்பு வைத்த ஒரு இளவரசன் முறைத்துக்கொண்டிருந்தான்.

அம்மா சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, ஓய்வு பெற்ற டீச்சர். "சாத்தானைக் காசு குடுத்து வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கியாடி?" என்று ஆரம்பித்தவர் ஓயவில்லை. பாஸ்டரிடம் கேட்கிறேன் என்றார், ஜெபம் பண்ணினார், புத்தகத்தை வாசலில் செருப்பு ஸ்டாண்டுமேல் கொண்டுபோய் வைத்தார். நானும் விடவில்லை. கற்பனைக்கும் பாவத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கத்தினேன். கடைசியில் செய்தித்தாளில் அட்டை போட்டு அந்தக் கொம்பை மறைத்த பிறகுதான் புத்தகம் வீட்டுக்குள் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முதலில் நான்தான் படித்தேன், தாம்பரத்திலிருந்து கிண்டி ஆபீஸ் போகிற ரயிலில். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மெழுகுவத்தி செய்கிறவரின் மகளைத் தேவதைகள் பிடித்துப் போகிறார்கள். வாய்த்துடுக்கான பெண். இவள் அந்த அரண்மனையை இரண்டு பண்ணப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பண்ணினாளா? ஒரு மண்ணும் இல்லை. விருந்தில் அவள் எதிர்த்துப் பேசியதற்காக இளவரசன் முள் பரப்பி, அதன்மேல் அவளை வெறுங்காலோடு ஆடவைக்கிறான். சபையே சிரிக்கிறது. கொப்புளக் காலோடு வீட்டில் இருப்பவளுக்கா இதை வாங்கினேன் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதையில் அந்தப் பெண்ணோ, காலில் ரத்தம் ஒழுக, அவனுடைய கண் இமை எவ்வளவு நீளம் என்று யோசிக்கிறாள்! பல்லாவரத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அவன் ஏன் அப்படி என்றால், அம்மா இல்லாமல் வளர்ந்தவனாம். அப்புறம் அவனே வந்து காலுக்குக் கட்டுப் போடுகிறான், இவள் உருகிப்போகிறாள். இதற்குப் பெயர் காதல். இருட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இருட்டான கதைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். இதை வெளிச்சம் என்று சொல்லி, பதினாறு வயதுப் பெண்கள் தலையில் கட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்காவுக்குத் தரக்கூடாது என்று நான் முடிவு பண்ணுவதற்குள் அவள் என் பையிலிருந்து எடுத்துப் பாதி படித்துவிட்டாள். பிடுங்கப் பார்த்தேன், தரவில்லை. அந்தச் சனிக்கிழமை அத்தான் அவளை அழைத்துப்போக வருவதாக அம்மா அவரோடு பேசி முடித்திருந்தார்.

"கடைசில அவன் மாறிடுறானாடி?" என்று கேட்டாள். யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நீயே படி என்று நகர்ந்துவிட்டேன்.

இதற்கிடையில் அம்மாவும் படித்துவிட்டார், அதுவும் கடைசி அத்தியாயத்தை மட்டும். சாத்தான் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்க்கத்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: "அந்தக் கொம்பை விட்டுட்டா நல்ல பையன்தான். மோதிரம் போட்டு முறையா கட்டிக்கிறான்ல? தாய் இல்லாத பிள்ளை, பாவம்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அத்தானைப் பற்றியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும், மருந்து வாங்கி அவரே காலில் போட்டுவிட்டாரே என்று. "அவனுக்குக் கொம்பு இருக்கிறதுதான் உங்களுக்குப் பிரச்சினையாம்மா? முள்ளு மேல ஆடவச்சது பிரச்சினை இல்லையா?" என்று கத்தினேன். குழம்பு கொதிக்கிறது என்று அம்மா சமையலறைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா புத்தகத்தோடு ஹாலுக்கு வந்தாள். அவள் பை கட்டிலின்மேல் பாதி அடுக்கியபடி இருந்தது.

"முழுசாப் படிச்சிட்டேன்மா. ஒரு இடத்துலகூட அவன், தான் பண்ணினது தப்புன்னு சொல்லல."

"அதான் கட்டிக்கிட்டானே. அப்புறம் என்னடி?"

அக்கா எங்கள் எதிரிலேயே அத்தானுக்கு போன் போட்டாள். "அன்னிக்கு என்னை மாடியில பூட்டினது தப்புன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம், அது ஒண்ணு சொல்லுங்க" என்றாள். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து உப்பு என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது.

"சரி. நாளைக்கு வர வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் கொம்புப் புத்தகத்தை அன்னிக்கே எரிச்சிருக்கணும்!"

எரித்திருக்கலாம்தான். நானே தீப்பெட்டி எடுத்துக் கொடுத்திருப்பேன். அந்தப் புத்தகம்தான் அக்காவைக் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதை எழுதிய புண்ணியவான் இளவரசனிடம் கடைசிவரை கேட்காததை, கொப்புளம் ஆறாத காலோடு நின்று என் அக்கா கேட்டாள்.