சாக்குக்குள் எத்தனை பூனைகள்

முடிச்சூரில் வெள்ளம் எங்கள் ஏழாவது படியைத் தொட்டபோது மீட்புப் படகு வந்தது. பக்கத்து வீட்டு நசீமா தன் இரண்டு பூனைகளைக் கோணிப்பையில் கட்டி என் மடியில் வைத்தார். "கணக்கு சார், எண்ணிக்கிட்டே வாங்க. குறைஞ்சா உங்களைத்தான் கேட்பேன்" என்று சிரித்தார்.

ஈரச் சணல் வாடை அடித்தது.

அறுபத்தாறு வருடங்களுக்கு முன் மரக்காணத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயில் உப்புப் படகேறிச் சென்னைக்குக் குடிவந்தோம். வழி தெரிந்தால் பூனை பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்று, எங்கள் நான்கு பூனைகளையும் அப்பா ஒரே சாக்கில் கட்டியிருந்தார். காவல் நான். கோவளம் அருகே, மூச்சு முட்டுமே என்று முடிச்சைத் தளர்த்தினேன். சாம்பல் பூனை கரைக்குத் தாவிவிட்டது. கத்திக்கொண்டே படகோடு கூட ஓடிவந்தது. பதினேழு பனைமரம்வரை எண்ணினேன். பிறகு காணவில்லை. படகின் பாய் காற்றில் சடசடத்ததில் அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

"நாலும் இருக்காடா?" என்று முன்னாலிருந்து கேட்டார். சொல்லியிருந்தால் படகை நிறுத்தியிருப்பார். அடிக்குப் பயந்து, "இருக்குப்பா" என்றேன்.

"சார், ரெண்டும் இருக்குல்ல?" என்றார் நசீமா.

கோணியின் மேலாகத் தடவி எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். இரண்டு முறையும் மூன்று தலைகள்.

"இருக்கும்மா" என்றேன். முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.