மூன்றாவது மன்றாட்டு

பிள்ளைகளே, பெரியப்பா கோயிலில் மைக் முன்னால் நின்ற அந்தத் திருநாளைப் பற்றி இன்றைக்கும் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். நீங்கள் அப்போது சின்னவர்கள். பூசை முடியும்வரை அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் படிவம் மூன்றோடு படிப்பை விட்டவன், அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரியப்பா என் கூடப்பிறந்தவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நிபோங் திபாலிலிருந்து, ஜார்ஜ் டவுன் இருக்கிற தீவுக்கு வேலை தேடி வந்தபோது எனக்கு முதலில் படுக்க இடம் கொடுத்தவர் அவர். ஜெலுத்தோங்கில், பலகை வீடுகள் நெருக்கமாக இருந்த கம்பத்தில், தகரக் கூரை போட்ட வீடு. பிறகு நம் மூத்தவனுக்கு ஞானத்தகப்பனாகவும் நின்றார். அந்த வீடு இருந்த நிலத்தை யாரோ விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். கம்பத்தில் இருந்த குடும்பங்கள் எல்லாம் வெளியேற வேண்டும், திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை இடிக்க வருவார்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அரசாங்கத்தின் மலிவு விலை அடுக்குமாடி வீடு கிடைக்க வேண்டுமென்றால் அந்தத் தொகுதி ஒய்பி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், சிபாரிசு செய்ய வேண்டும். செய்கிறேன், செய்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியப்பாவும் அவர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன்.

பூசையில் பிரசங்கம் முடிந்ததும் விசுவாசிகள் மன்றாட்டு வரும் இல்லையா? முதலாவது திருச்சபைக்கு, இரண்டாவது நோயாளிகளுக்கு, மூன்றாவது நாட்டை ஆளுகிறவர்களுக்கு. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியங்கள் முறை வைத்து அதைப் படிக்கும். திருநாளுக்கு எங்கள் முறை. தலைவன் என்ற பெயரில் நான் எப்போதும் போல வீட்டு வரிசைப்படி பிரித்து, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வாட்சப்பில் போட்டுவிட்டேன். மூன்றாவது வீடு பெரியப்பாவுடையது. அதனால் மூன்றாவது மன்றாட்டு அவருக்குப் போயிற்று. திருநாளுக்கு ஒய்பியை அழைத்திருக்கிறார்கள், முன் வரிசையில் உட்காருவார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் பெரியம்மா போனில் கூப்பிட்டார்.

"தம்பி, உனக்குக் கொஞ்சமாச்சும் யோசனை வேணாமா? வீடு போற நேரத்துல கவர்மெண்டுக்கு வேண்டிக்கன்னு இவர்கிட்டயே குடுத்திருக்க."

"மாத்திடறேன்க்கா. வரிசைல வந்துடுச்சு."

"மாத்து. இவரு வாய் உனக்குத் தெரியும்லா. மைக்ல ஏதாச்சும் உளறி, ஒய்பி கோவிச்சுக்கிட்டா எங்களுக்கு வீடு கெடைக்குமா? பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியப்பாவைத் தேடிப் போனேன். ஒரு கடையில் ஏணி மேல் நின்று, சுவரில் மாட்டிய ஏர்கோன் கழுவிக்கொண்டிருந்தார். கீழே வாளியில் கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்த மூணாவது மன்றாட்டு, நானே படிச்சுடறேன்."

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"அதில்லண்ணே."

"உங்க அக்கா போன் பண்ணிட்டாளா?"

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பஞ்சைப் பிழிந்தார்.

"குடுத்தத குடுத்ததாவே விடு தம்பி. நான் படிக்கிறேன்."

"எழுதியிருக்கறத மட்டும்தானே?"

"கீழ நிக்காத. அழுக்குத் தண்ணி ஊத்தப் போறேன், தள்ளி நில்லு" என்றார்.

புதன்கிழமை அன்பியக் கூட்டம் அவர் வீட்டிலேயே நடந்தது. பாதி சாமான்கள் பெட்டியில். நாற்காலிகளைக் கட்டி வைத்துவிட்டதால் எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். பங்குத்தந்தையும் வந்திருந்தார். அன்றைக்கு பைபிளில் வாசித்தது பாபிலோன் ராஜாவின் கதை. மாளிகை மேல் நின்று, இதையெல்லாம் நானே கட்டினேன் என்று பெருமை பேசியவன், புத்தி கலங்கி, மாடு மாதிரிப் புல் தின்றான். ஆளுகிறவர்களுக்கும் மேலே ஆளுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அவனுக்குப் புத்தி திரும்பியது. யூதர்கள் அந்த ஊரில் கைதிகளாக இருந்தபோதும் அந்த ஊரின் நலனுக்காகவே வேண்டிக்கொண்டார்கள் என்று ஃபாதர் சொன்னார். நம் ஜார்ஜ் டவுனிலும் ஒரு காலத்தில் யூதர்கள் இருந்தார்கள், அவர்களுடைய கல்லறை இன்னும் இருக்கிறது, எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டு ராஜாவுக்காகத் தங்கள் ஜெபக்கூடத்தில் வேண்டிக்கொள்கிறவர்கள் அவர்கள் என்றும் சொன்னார்.

கம்பத்துக்காரர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப நம்மள வெரட்டுறவங்களும் கடவுள் வச்ச ஆளுங்கதானா ஃபாதர்? நல்லா இருக்கே."

"அதிகாரம் அவர் குடுத்தது. குடுத்ததால அவங்க செய்யறதெல்லாம் சரின்னு ஆயிடுமா? கணக்குக் கேக்கவும் அவருக்குத் தெரியும்."

பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

"நீ புல்லு திங்கப் போறேன்னு அந்த ராஜாகிட்ட முன்னாடியே சொன்னாங்களா ஃபாதர்?"

"சொன்னாங்க. ஏழைங்களுக்கு எரக்கம் காட்டு, ஒருவேளை தப்பிச்சுக்குவன்னு."

"ராஜா மொகத்தப் பாத்தா?"

"மொகத்தப் பாத்துத்தான்."

பெரியப்பா தலையை ஆட்டினார். பெரியம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார்.

திருநாள் அன்று கோயில் நிறைந்துவிட்டது. ஒய்பி பூப்போட்ட பட்டிக் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் இந்து. ஆனாலும் எல்லாரும் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார், பாட்டுத் தாளைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். மரியாதையான மனிதர்தான். பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. மன்றாட்டுப் படிக்கிறவர்கள் வரிசையாகப் போய் நின்றோம். திருச்சபைக்காக நான் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நோயாளிகளுக்காக ஒரு பெண்பிள்ளை படித்தது. பெரியப்பா மைக்கைத் தன் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார்.

எழுதியிருந்ததை அப்படியே படித்தார். "எங்களை ஆளுகிறவர்கள் நீதியோடும் நேர்மையோடும் மக்களுக்குப் பணி செய்ய அருள்புரிய வேண்டுமென்று." அந்த இடத்தில், உம்மை மன்றாடுகிறோம் என்று சொல்லி முடிக்க வேண்டும். அவர் முடிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, இவர்களை நாற்காலியில் உட்கார வைத்தது எங்கள் ஓட்டு என்று நாங்கள் நினைத்தோம். நீர்தான் வைத்தீர். ஏழைகளுக்கு நீதி செய்தால் இவர்கள் நீண்ட காலம் இருக்கட்டும். செய்யாவிட்டால், நீரே இவர்களை இறக்கிவிட வேண்டுமென்று, உம்மை மன்றாடுகிறோம்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் நமக்குப் பதில் தானாக வந்துவிடும் அல்லவா? கோயில் முழுக்க ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. ஒய்பியும் தாளைப் பார்த்துச் சேர்ந்து சொன்னார். சொன்ன பிறகுதான், எதற்குச் சொன்னோம் என்பது எல்லாருக்கும் உறைத்தது. ஒய்பி தாளை மெதுவாகக் கீழே இறக்கினார். அடுத்து படிக்க வேண்டியவர் மைக் முன்னால் போகவே தயங்கினார்.

பூசை முடிந்து மண்டபத்தில் பசியாற உட்கார்ந்தோம். ஒருவரும் பெரியப்பா பக்கத்தில் உட்காரவில்லை. நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேனே தவிர வாயில் வைக்க முடியவில்லை. ஒய்பி நேராக எங்கள் மேசைக்கு வந்தார். பின்னால் அவருடைய உதவியாளர், முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு.

"நானும் சேந்து சொல்லிட்டேன் போலண்ணே" என்றார் ஒய்பி.

"ஆமா ஒய்பி. சத்தமாவே சொன்னீங்க."

யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஒய்பி சிரிக்கவில்லை.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"உங்ககிட்ட கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயித்தான் மேல போனேன்."

"என்னை எறக்கச் சொல்லியா?"

"நீதி செஞ்சா இருக்கட்டும்னும் சொன்னேன்லா. அத விட்டுட்டீங்களே."

ஒய்பி உதவியாளரைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார். "போச்சு. எல்லாம் போச்சு" என்றார். உங்கள் அம்மாதான் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுவிட்டுக் கம்பத்துக்குப் போனேன். புல்டோசரை லோரியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் நிழலில் நின்றார்கள். முதல் வீட்டின் வேலியைத் தள்ளினார்கள். அடுத்தது ஒரு கோழிக்கூடு. அதற்கடுத்து பெரியப்பா வீடு. பெரியம்மா ஒரு தோளில் துணி மூட்டையும் கையில் மாதா சுரூபமுமாக வாசலில் நின்றார். இறங்கி வாருங்கள் என்று எத்தனை பேர் சொன்னாலும் அசையவில்லை. பெரியப்பா என் பக்கத்தில் நின்றார்.

அப்போது ஒரு காடி வந்து நின்றது. ஒய்பி தனியாக இறங்கினார். யாரையும் பார்க்காமல் கான்ட்ராக்டரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். ஒய்பி மாமரத்தடிக்குப் போய்ப் போனை எடுத்தார். டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பெரிய மனிதரிடம் மலாயில் பேசினார். "ஆமாங்க டத்தோ, தெரியும் டத்தோ, தயவுசெஞ்சு டத்தோ" என்கிற மாதிரி. இடுப்பை வளைத்து, நெற்றி வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். யாரிடம் பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டமன்றத்தில் உட்காருகிற ஒரு மனிதர், நாங்கள் அவர் வாசலில் நின்ற அதே மாதிரி நின்றார்.

"தம்பி, இப்ப அவருக்காக வேண்டிக்க" என்றார் பெரியப்பா. "நெசமாத்தான் சொல்றேன்."

நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே, புல்டோசர் இரைச்சலில், வாய்க்குள் வேண்டிக்கொண்டோம்.

ஒய்பி போனைக் கான்ட்ராக்டரிடம் நீட்டினார். கான்ட்ராக்டர் கேட்டார், கையைத் தூக்கிக் காட்டினார். புல்டோசர் நின்றது.

"பள்ளிக்கூட லீவு வரைக்கும்தான்" என்றார் ஒய்பி, எங்கள் பக்கம் வந்து. "அதுக்குள்ள வீடு வாங்கிக் குடுக்கணும். நான் பாக்கறேன். இந்தத் தடவ பாக்கறேன்."

பெரியப்பா உள்ளே போய் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒய்பி நின்றபடியே முழுவதையும் குடித்தார்.

இறைவன் செய்தாரா, கோயிலில் பட்ட வெட்கம் செய்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. வெட்கத்தை வைத்தும் அவர் வேலை வாங்குவார் என்று நினைக்கிறேன். லீவு தொடங்கிய வாரத்தில் கம்பத்து வீடு போயிற்று. அடுக்குமாடியில் சாவி கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்றே லிப்ட் பழுது. கட்டிலைப் பிரித்து, நானும் பெரியப்பாவும் படியிலேயே தூக்கிக்கொண்டு ஏறினோம். நடுவில் மூச்சு வாங்கியபோது, "இந்த லிப்டுக்கு யாருகிட்ட போறதுண்ணே?" என்று கேட்டேன்.

"முதல்ல ஒய்பிகிட்ட" என்றார். "தூக்கு."